கப்பலுக்குப் போன சாப்பாடு

ரெக்ஸனின் வயிறு, அவன் அம்மா கைப்பேசி விளையாட்டில் சுட்டுப்போட்ட இனிப்புத் தோசையால் நிறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு ஊர்த் துறைமுகத்துக்கு வெளியே, கரை எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பலிலிருந்து கூப்பிட்டு அவன் அதைச் சொன்னபோது பிலோமினாள் ஆச்சரியப்படவில்லை, தேன் அதிகமாகிவிட்டதா என்றுதான் கேட்டாள்.

"தேன் சரியாத்தான் இருந்துச்சும்மா. வெண்ணெய் வாசம் இன்னும் வாயில நிக்குது. காசிம் என் வாயை மோந்து பாத்துட்டு, எங்கலே ஒளிச்சு வச்சுத் தின்னேன்னு சண்டைக்கு வாரான்."

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பின்னால், நிலக்கரித் தூசி படிந்து கொடியில் காயும் வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பல் சட்டையாகிவிடுகிற வாரியக் குடியிருப்பில் இருந்துதான் ரெக்ஸனும் காசிமும் பொன்னுலிங்கமும் ஒரே ஏஜென்டு மூலமாக ஒரே கப்பலுக்குப் போனார்கள். சிமெண்ட் ஏற்றுகிற பழைய கப்பல் அது. அதன் முதலாளி எந்த நாட்டுக்காரர் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது, ஒருநாள் அவர் கப்பலைக் கைகழுவிவிட்டார், தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். வயிற்றுவலி என்று கரைக்குப் போன கேப்டன் திரும்பி வரவில்லை, அவரோடு இறங்கிய மற்ற ஆட்களும் வரவில்லை. அந்த ஊர்த் துறைமுகத்துக்காரர்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் இறங்கக் கூடாது, வழக்கு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரிசி குறைந்தது, பருப்பு தீர்ந்தது, ஜெனரேட்டர் நின்றது, உயிர்ப்படகின் பேட்டரியில் ரெக்ஸன் தன் கைப்பேசியை மட்டும் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தான்.

அந்த விளையாட்டைக் கப்பலேறுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று ஏற்றிக்கொடுத்தவனும் ரெக்ஸன்தான். அதில் ஒரு வீடு கட்டலாம், வீட்டுக்குள் ஆட்களைக் குடிவைக்கலாம், அவர்களைக் குளிக்கச் சொல்லலாம், தூங்கச் சொல்லலாம், சமைத்துச் சாப்பிடச் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் பசிக்கு ஒரு கோடு உண்டு, வயிறு நிறைந்தால் அது பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. பிலோமினாள் ஒரே ஒரு ஆளைத்தான் குடிவைத்திருந்தாள். சுருட்டை முடி, நீலச் சட்டை, பெயர் ரெக்ஸன். வீட்டுக்குச் சுவர் எழுப்புவதற்கு முன்பே அவனுக்கு ஒரு நாற்காலியும் மேசையும் வாங்கிப் போட்டாள், ஏனென்றால் உட்கார இடமில்லாவிட்டால் அந்த விளையாட்டில் ஆட்கள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்பார்கள், அவளுக்கு அது பார்க்கப் பொறுக்காது.

செவ்வாய் போய்ப் புதனும் அப்படியே நடந்தது, வியாழனும் நடந்தது. வெள்ளிக்கிழமை காசிமின் மனைவி ஜுலைகா தன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறிவந்தாள்.

"பிலோமிக்கா, எனக்கும் அந்த வீட்டைக் கட்டிக் குடுங்க. அவரு நேத்து வெறும் கஞ்சித் தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாராம்."

அவளுக்குப் பின்னால் பொன்னுலிங்கத்தின் அப்பா தவசிக்கனி வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இல்லாத வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர், ஒரு விரலால் தொட்டால் மூன்று பொத்தான் அழுந்துகிற தடித்த விரல்காரர். அன்று சாயங்காலத்துக்குள் காசிமும் பொன்னுலிங்கமும் விளையாட்டில் தங்கள் தங்கள் வீட்டில் குடியேறிவிட்டார்கள், கப்பலில் இரண்டு பேருக்கும் ஏப்பம் வந்தது.

குடியிருப்பு இதை வாங்கிக்கொண்ட விதம் புதிதாகத் தண்ணீர்க் குழாய் வந்தால் வாங்கிக்கொள்கிற விதம்தான். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, யார் முதலில், எவ்வளவு நேரம், எதைப் பிடிப்பது என்றுதான் பேச்சு. பிலோமினாள் மூன்று வேளையும் மணியடித்தாற்போல் புதிதாகச் சமைக்க வைத்தாள், மகன் சாப்பிட்டு முடித்ததும் பொழுது ஓடாமல் விளையாட்டை நிறுத்தி வைத்தாள், அடுத்த வேளைக்குத்தான் திறந்தாள். தவசிக்கனி ஒரே தடவையில் பெரிய பாத்திரம் நிறையச் சமைத்து ஃபிரிட்ஜில் ஏற்றி, வாரம் முழுக்க அதையே எடுத்துக் கொடுத்தார், கப்பலில் பொன்னுலிங்கம் வாயில் ஊசல் வாடை அடிக்கிறது என்று முறையிட்டபோது, "கடையிலயா லே வாங்கித் தாரேன், கெடக்கறதத் தின்னு" என்று அதட்டினார், பிறகு வீட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதிதாக ஒரு பாத்திரம் ஏற்றினார். ஜுலைகாவுக்கு அடுப்பே பயம். விளையாட்டில் அவள் காசிம் ஒருமுறை அடுப்பங்கரையில் தீ வைத்துக்கொண்டான், அன்று முழுக்கக் கப்பலில் அவன் நாக்கு கரிக்கட்டையாகக் கசந்தது, அதிலிருந்து அவள் வெளியில் சொல்லி பீட்சாதான் வரவழைத்தாள். அதில் பன்றிக் கறி போட்டிருக்குமோ என்று பயந்து வெறும் காய்கறி பீட்சாவாகவே பார்த்து வாங்கினாள். நோன்பு பிறந்ததும் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள், அங்கே தொழவைக்கிற அசரத் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்து, "வயிறு நிறையுதுன்னா அது சாப்பாடுதான், சஹர் நேரம் முடிஞ்சு விடியறதுக்கு முன்னாடி குடுத்திரச் சொல்லுங்க" என்றார். கோயில் ஃபாதர் பூசையில், கப்பலில் இருப்பவர்களுக்காகவும் அவர்களுக்கு ஊட்டுகிற கைகளுக்காகவும் ஒரு ஜெபத்தைச் சேர்த்துக்கொண்டார். மீன்காரி கூடையை இறக்கும்போதே, "கப்பல் சாப்ட்டாச்சா?" என்று கேட்டாள். கரண்டு போனால், சாப்பாட்டு நேரம் தெரியாதா உனக்கு என்று லைன்மேனைத்தான் ஏசினார்கள்.

அப்போதுதான் ரெக்ஸன் நாலாவது ஆளைப் பற்றிச் சொன்னான்.

"இங்க இன்னொருத்தன் இருக்காம்மா. தெஸ்ஃபாயேன்னு பேரு, எத்தியோப்பியாக்காரன், இஞ்சினுக்கு எண்ணெய் போடுதவன். நாங்க மூணுபேரும் ஏப்பம் விடும்போது எங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். கெடக்கிற அரிசி பூரா அவனுக்குத்தான் குடுக்கோம், அதுவும் முடியப்போவுது."

பிலோமினாள் அவனையும் தன் வீட்டிலேயே குடிவைத்துப் பார்த்தாள். ஆனால் அடுப்பில் எது வெந்தாலும் அவள் விரல் மகன் பக்கம்தான் முதலில் போனது, மற்றவன் எழுந்து வருவதற்குள் மகனுக்கு அடுத்த வேலையைச் சொல்ல வேண்டியிருந்தது, எத்தியோப்பியாக்காரனுக்கு மிச்சம்தான் கிடைத்தது, சில வேளை அதுவும் இல்லை. "ரெண்டு பேர எனக்குப் பாக்க முடியலயே ஏசப்பா" என்று அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைக் கீழ்வீட்டுப் பேச்சித்தாய் கேட்டாள்.

பேச்சித்தாய் இறால் கம்பெனியில் தோலுரிக்கிறவள். நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். புருஷன் சூரத்துக்குப் போனவன் போனவன்தான். தாய் தகப்பன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு கைப்பிடி அரிசி போட்டால் அவளுக்கு இரண்டு வேளைக்கு ஆகும்.

"அந்தப் பையன எங்கிட்ட குடு பிலோமி. எனக்கு வேற யாரு இருக்கா, கை எந்தப் பக்கமும் போவாது."

அவள் கைப்பேசியின் திரை கீறல் விழுந்தது, ஆனாலும் விளையாட்டு ஓடியது. எப்படி இருப்பான் என்று ரெக்ஸனிடம் கேட்டாள். உயரம், ஒல்லி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து என்றான். விளையாட்டில் சந்துப்பல் வைக்க வழியில்லை, மற்றதெல்லாம் வைத்தாள். தெஸ்ஃபாயே என்ற பெயர் வாயில் நுழையாமல் தெஸ்பன் என்று கூப்பிட்டாள். முதல் நாள் அவன் சமைத்தது கருகிப்போய், கப்பலில் தெஸ்பன் நாளெல்லாம் துப்பித் துப்பிச் சிரித்தானாம். அடுத்த நாளிலிருந்து அவள் அவனை விளையாட்டு வீட்டின் அலமாரிக்கு முன்னால் உட்காரவைத்துச் சமையல் புத்தகம் படிக்கச் செய்தாள். கை தேறிய பிறகு அவன் சமைத்ததை மற்ற மூன்று பேரும்கூடப் பொறாமையோடு மோந்து பார்த்தார்கள். ரெக்ஸனின் போனைப் பிடுங்கி ஒருநாள் தெஸ்பன் பேசினான், பேச்சித்தாய்க்கு அதில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது.

"எமாயே, எமாயேங்கானே, என்னது அது?"

"அம்மாங்கான் அத்த."

மறுநாள் கம்பெனியில் அவள் உரித்த இறாலில் பாதிக்குத் தலை அப்படியே இருந்தது என்று சூப்பர்வைசர் திட்டினார்.

மழைக்காலம் வந்தது, போனது. கப்பலில் யாருக்கும் பசிக்கவில்லை. குடியிருப்பில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நாலு வயிறு நிறைகிறது, வழக்கு முடியும், பிள்ளைகள் வருவார்கள், அதுவரை நாம் பார்த்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டார்கள். சிக்னல் நன்றாகக் கிடைத்த ஒரு நாள் ரெக்ஸன் முகம் தெரியக் கூப்பிட்டான். பிலோமினாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். யாரோ கிழவன் ரெக்ஸனின் குரலில் பேசிக்கொண்டிருந்தான். கன்னம் உள்ளே விழுந்திருந்தது, கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போல் இருந்தது, கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான்.

"என்னலே இப்பிடி ஆயிட்ட?"

"எப்பிடி? நல்லாத்தானம்மா இருக்கேன். பசியே இல்ல."

"எந்திரிச்சு நில்லு பாப்போம்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, நாளைக்கு நிக்கேம்மா என்றான்.

வயிறு நிறைந்தது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. இது புரிந்த அன்று குடியிருப்பில் யாரும் சத்தம் போட்டு அழவில்லை, அவரவர் வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கோடு நாலும் பச்சையாக இருந்தது. தவசிக்கனி மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பல்காரர்களுக்கு உதவி செய்கிற சங்கத்து ஆபீசுக்குப் போய் அங்கிருந்து அந்த ஊருக்குப் போன் போட வைத்தார். அந்த ஊர் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். போன மாதம் படகில் போய்க் கேட்டோம், சாப்பாடு வேண்டுமா என்றோம், பசி இல்லை என்று நாலு பேரும் சொன்னார்கள், பசிக்கிற கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன, அவற்றுக்குத்தான் முதலில், என்றாராம்.

உண்மைதான். முன்பெல்லாம் அவர்கள் படுக்கை விரிப்பைக் கட்டி ஆட்டினார்கள், ரேடியோவில் கத்தினார்கள், தூண்டில் போட்டார்கள், போகிற மீன்பிடிப் படகையெல்லாம் கும்பிட்டுக் கூப்பிட்டார்கள். வயிறு நிறைந்த பிறகு எதற்குக் கத்துவது. மேல்தளத்து நிழலில் படுத்துக்கொண்டு அடுத்த வேளைக்கு என்ன வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடியில் மிஞ்சிய அரிசியைக்கூடக் கடல் காக்கைகளுக்குப் போட்டுவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எல்லோரும் கூடினார்கள். சொல்ல வேண்டியதை யாராவது சொல்லட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தவசிக்கனிதான் சொன்னார்.

"சோத்த நிறுத்தணும். பசிக்கணும் அவங்களுக்கு. பசிச்சாத்தான் கத்துவாங்க."

"அண்ணாச்சி, பெத்தவரு பேசுத பேச்சா இது?" என்றாள் ஜுலைகா.

"பெத்தவன்தாம்மா பேசுதேன்."

பேச்சித்தாய் கேட்டாள், "நாலு பேருக்குமா?"

"ஒருத்தனுக்கு மட்டும் நிறஞ்சிருந்தா, அதிகாரி அவனக் காட்டிச் சொல்லிருவான்."

நிறுத்தினார்கள். விளையாட்டை ஓடவிட்டு, சமையலை மட்டும் நிறுத்தினார்கள். கோடு மஞ்சளானது, சிவப்பானது. அந்த விளையாட்டில் பசித்த ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜைப் போய்ப் போய்த் திறப்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள், பிறகு நிமிர்ந்து, கூரையில்லாத அந்த வீட்டிலிருந்து நேராக மேலே, தங்களை ஆட்டிவைக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவார்கள். பிலோமினாள் போனை மடியில் வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜுலைகா சத்தத்தை அடைத்தாள், பிறகு திறந்தாள், பிறகு அடைத்தாள். தவசிக்கனி பீரோவுக்குள் போனைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சாவியைக் கேட்டு அந்த வீட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். பேச்சித்தாய் மட்டும் தெஸ்பன் மேலே பார்க்கும்போதெல்லாம் அவனைப் பார்த்துப் பேசினாள். "கொஞ்சம் பொறுத்துக்க ராசா. இன்னுங்கொஞ்சம்."

கப்பலில் பசி ஒன்றாக வந்து இறங்கியது, விட்டுப்போன அத்தனை மாதப் பசியும் சேர்ந்து. நடக்க முடியாதவர்கள் தவழ்ந்துபோய்க் கம்பியைப் பிடித்து எழுந்தார்கள். கிழிந்த விரிப்பை ஆட்டினார்கள். இரும்புத் தளத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். தெஸ்பனின் குரல்தான் பெரியது என்று ரெக்ஸன் பின்னால் சொன்னான், அந்தக் குரல்தான் அந்தப் பக்கம் போன ஒரு மீன்பிடிப் படகுக்காரனுக்குக் கேட்டது. படகுக்காரன் படம் எடுத்தான், படம் ஊருக்குப் போனது, துறைமுகத்திலிருந்து அரிசியோடும் டாக்டரோடும் இழுவைக் கப்பல் வந்தது. கரையிலிருந்து ரெக்ஸன் பேசினான்.

"ஏம்மா எங்களை விட்டுட்டீங்க? செத்துருவோம்னு நெனச்சோம். ஏம்மா விட்டீங்க?"

பிலோமினாள், "சாப்ட்டியாலே?" என்றாள்.

அவர்கள் வந்து சேர்ந்த அன்று குடியிருப்பே ரயிலடியில் நின்றது. இறங்கியவர்கள் மூன்று பேர். பேச்சித்தாயும் போயிருந்தாள். இன்னொரு பெட்டியிலிருந்து யாராவது இறங்குவார்கள் என்று இல்லை, அவன் ஊர் வேறு, அவன் ரயில் வேறு என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் போயிருந்தாள். ரெக்ஸன் அவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"அவன் அவன் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டானா மக்கா?"

ரெக்ஸன் தரையைப் பார்த்தான். "கப்பல ஆளில்லாம விடக்கூடாதாம் அத்த. வழக்கு முடியிற வரைக்கும் ஒருத்தன் காவலுக்கு இருந்தே ஆகணும்னாங்க. எங்க மூணு பேருக்கும் இங்கயிருந்து போன் மேல போன் வந்துச்சு. அவனுக்கு யாரும் கேக்கல."

"நீங்க கேக்கலியா?"

"கையெழுத்துப் போட்டுட்டு இறங்குங்கன்னாங்க. இறங்கிட்டோம்." பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "என் போன அவனுக்குக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அந்த எண்ணுக்குப் பேச்சித்தாய் கூப்பிட்டாள். தெரியாத பாஷையில் ஒரு பெண் குரல் எதையோ சொல்லி முடித்து மறுபடி அதையே சொன்னது. எப்போது கூப்பிட்டாலும் அந்தப் பெண்தான் சொன்னாள்.

மற்ற மூன்று வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அயிலைக் குழம்பும் ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் பாலும் உள்ளே போய், எலும்புக்கு மேல் மெல்லச் சதை வந்தது. விளையாட்டை அவரவர் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள், எடுப்பதற்கு முன் பிலோமினாள் மேசை நாற்காலியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். மீன்காரி பழையபடி மீன் விலையை மட்டும் சொன்னாள். பேச்சித்தாய் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நடையை எட்டிப் போட்டார்கள், யாரிடமும் கெட்ட எண்ணமில்லை, அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊட்டினால் அவன் பசியில்லாமல் நிழலில் படுத்துக்கொண்டு தேய்ந்துபோவான். நிறுத்தினால் கத்துவான், கத்தினால் கேட்க அங்கே இன்னொரு படகு வருமா என்று யாருக்குத் தெரியும், இங்கே ஒருமுறை அவனைக் கத்த வைத்து மூன்று பேரை இறக்கியாயிற்று. இரண்டும் வேண்டாமென்று விளையாட்டை அப்படியே நிறுத்தி வைத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தபடி தெஸ்பன் நின்றான், அவள் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றான். அது எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

ரெக்ஸன் தினமும் துறைமுகத்துக்குப் போய் அந்தப் பக்கம் போகிற கப்பல்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்தான். சங்கத்து ஆபீசில் தவசிக்கனியோடு போய் உட்கார்ந்தான். எங்கள் நாட்டு ஆள் இல்லையே என்றார்கள். கடைசியில் ஒரு மாலுமி திரும்பிவந்து சொன்னான். தூரத்திலிருந்து பார்த்தோம், கப்பல் அங்கேதான் கிடக்கிறது, மேல்தளத்தில் ஒரு ஆள் நின்றான், கையை ஆட்டினானா, துணி காயப்போட்டானா, தெரியவில்லை.

ரெக்ஸன் வந்து இதை வாசலில் நின்றபடி சொன்னான். பேச்சித்தாய் ஒரே ஒன்றைத்தான் கேட்டாள்.

"நின்னானா?"

"நின்னானாம் அத்த."

அவன் போன பிறகு அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, போனை எடுத்தாள். நின்றுகொண்டிருந்தவனை நகரவிட்டாள். சமைக்கச் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கினான், வதக்கினான், கை தேறியவன் சமைப்பதுபோல் சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான், தட்டில் எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு வாய் தின்றான், இன்னொரு வாய் தின்றான். சிவப்பாக இருந்த கோடு ஏறி மஞ்சளைத் தொட்டது. அது பச்சைக்குப் போவதற்குள் அவள் விரலை வைத்து அந்த வேலையை ரத்துசெய்தாள்.

சாகவும் விடாத, படுத்துக் கிடக்கவும் விடாத அளவு பசி. எழுந்து நிற்க வைக்கிற பசி. தூண்டில் போடச் சொல்கிற, படகைப் பார்த்தால் கையாட்டச் சொல்கிற பசி. அவளால் அவனுக்குக் கொடுக்க முடிந்தது அதுதான், அதை மூன்று வேளையும் அளந்து கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள், கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

ஒவ்வொரு தடவையும் தெஸ்பன் பாதி தின்ற தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினான். அவள் சத்தத்தை அடைக்கவில்லை. கத்து ராசா, இன்னும் சத்தமா, என்றாள்.